டோஸ்ட் சாண்ட்விச்: ஏர் ஃப்ரையர் போதுமா, சாண்ட்விச் மேக்கர் வேண்டுமா?

கோயம்புத்தூரில் வாடகை வீட்டில் இருக்கும் என் தங்கை, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு ஒரு நாள் காலையில் அழைத்தாள். “அக்கா, கல்யாண நாளுக்கு அவர் வாங்கிக் கொடுத்த ஏர் ஃப்ரையர் அப்படியே இருக்கு. பிள்ளைங்க வாரத்துக்கு மூணு நாள் டோஸ்ட் சாண்ட்விச்தான் டப்பாவுக்கு வேணும்னு நிக்கிறாங்க. இதுலயே செஞ்சுக்கலாமா, இல்ல சாண்ட்விச் மேக்கர் ஒண்ணு வாங்கிடட்டுமா?” என்று கேட்டாள். ஏர் ஃப்ரையர் வைத்திருக்கும் பல வீடுகளில் எழும் கேள்விதான் இது. ஆறாயிரம், ஏழாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய ஒரு கருவி மேடையில் இருக்கும்போது, ரொட்டி வாட்டுவதற்கென்று மேலும் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் செலவழிப்பது வீண் என்று தோன்றுவது இயல்பு. வாயில் வந்ததைச் சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. இரண்டு நாள் பொறு என்று சொன்னேன்.

என் சமையலறையில் ஏர் ஃப்ரையரும் இருக்கிறது, சாண்ட்விச் மேக்கரும் இருக்கிறது. அவற்றோடு வார்ப்பிரும்புத் தோசைக்கல் ஒன்றும், அம்மா வீட்டிலிருந்து எடுத்து வந்த, அடுப்பின் தீயில் நேரே காட்டி வாட்டும் அலுமினியக் கைப்பிடி டோஸ்டர் ஒன்றும் இருக்கின்றன. அந்தச் சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் ஒரே பாக்கெட் பிரெட், ஒரே உருளைக்கிழங்கு மசாலா, துண்டுக்கு ஒரு சிறு கரண்டி வெண்ணெய் என்று அளவு மாறாமல் வைத்துக்கொண்டு நான்கிலும் செய்து பார்த்தேன். பக்கத்தில் கடிகாரம் வைத்திருந்தேன். கீழே வருபவை அந்த இரண்டு நாளில் கண்டவையும், அதற்கு முன் சில ஆண்டுகளாகச் செய்து பழகியதில் தெரிந்துகொண்டவையும்.

முதலில், சூடு ரொட்டியை எப்படி அடைகிறது என்பதைப் பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் மற்ற வேறுபாடுகள் எல்லாம் அதிலிருந்துதான் கிளைக்கின்றன. சாண்ட்விச் மேக்கர், தோசைக்கல், கைப்பிடி டோஸ்டர் ஆகிய மூன்றிலும் சூடான உலோகம் ரொட்டியைத் தொடுகிறது. ஏர் ஃப்ரையரில் அப்படியில்லை. மேலே ஒரு சூடேற்றும் சுருள், அதற்கு மேல் ஒரு விசிறி, அந்த விசிறி சூடான காற்றைக் கூடைக்குள் வேகமாகச் சுழற்றுகிறது. 2010-ஆம் ஆண்டு பெர்லினில் நடந்த ஐஎஃப்ஏ என்னும் மின்னணுப் பொருள் கண்காட்சியில் ஃபிலிப்ஸ் நிறுவனம் இந்த வகைக் கருவியை அறிமுகப்படுத்தியபோது, அது முன்வைத்த உணவு உருளைக்கிழங்கு வறுவல். குச்சி குச்சியாக நறுக்கிய உருளைக்கிழங்கில் ஒவ்வொரு குச்சிக்கும் இடையே காற்று புகுந்து வர இடம் உண்டு. சாண்ட்விச் அப்படிப்பட்ட பொருள் அல்ல. அது இரண்டு தட்டையான பரப்புகளுக்கு நடுவே ஈரமான ஒன்றை அடைத்து வைத்த பொட்டலம். மேற்புறத்தில் காற்று நன்றாக மோதும், கீழ்ப்புறத்திற்குக் கூடையின் துளைகள் வழியே வருவது மட்டுமே கிடைக்கும், நடுவில் இருக்கும் மசாலாவுக்கோ ரொட்டியைத் தாண்டி வருவதுதான் சூடு.

ரொட்டி பொன்னிறமாவதற்கும் அந்த வாசனைக்கும் காரணம், மாவிலுள்ள புரதமும் சர்க்கரையும் சூட்டில் ஒன்றோடொன்று வினைபுரிவது. 1912-இல் இதை விளக்கிய பிரெஞ்சு வேதியியலாளர் மயார் பெயராலேயே அது மயார் வினை என்று அழைக்கப்படுகிறது. ஏறத்தாழ 140 டிகிரி செல்சியசுக்கு மேல்தான் அது விரைவாக நடக்கும். ரொட்டியின் மேற்பரப்பில் ஈரம் இருக்கும்வரை அதன் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. ஆகவே முதலில் ஈரம் போக வேண்டும், பிறகுதான் நிறம் வரும். உலோகத் தட்டு தொடும்போது ஈரம் சட்டென்று ஆவியாகிவிடும், நிறமும் உடனே பிடிக்கும், உள்ளே ரொட்டி மெத்தென்றே இருக்கும். காற்று மெல்ல உலர்த்துகிறது. அதனால் ஏர் ஃப்ரையரில் நிறம் வந்து சேரும் நேரத்திற்குள் ரொட்டியின் உள்பக்கமும் கொஞ்சம் காய்ந்துவிடுகிறது. கடித்தால் கடைசிவரை மொறுமொறுவென்று இருக்கிறது, ஆனால் ரஸ்க்கின் பக்கம் ஒரு சாய்வு தெரிகிறது. சிலருக்கு அதுவே பிடிக்கும். என் மாமனாருக்குப் பிடிக்காது, மேல் அண்ணம் கிழிகிறது என்பார்.

சூட்டைவிடப் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. ஏர் ஃப்ரையர் எதையும் அழுத்துவதில்லை. டோஸ்ட் சாண்ட்விச்சை நாம் வெறும் சாண்ட்விச்சிலிருந்து பிரித்துச் சொல்வதற்குக் காரணமே அந்த அழுத்தம்தான் என்பது என் எண்ணம். தட்டுகள் நெருக்கும்போது மசாலா பரவி ரொட்டியின் உள்பக்கத்தில் ஒட்டுகிறது, உருகிய சீஸ் இரண்டு துண்டுகளையும் பிடித்துக்கொள்கிறது, ஓரங்கள் மூடிக்கொள்கின்றன. குழந்தை ஒரு கையில் பிடித்துக் கடித்தாலும் உள்ளே இருப்பது பின்பக்கமாகப் பிதுங்கி மடியில் விழுவதில்லை. ஏர் ஃப்ரையரில் செய்தது பார்க்க அழகாகவே இருக்கும், உயரமாக, நான்கு பக்கமும் ஒரே நிறத்தில். ஆனால் மேல் துண்டும் கீழ்த் துண்டும் தனித்தனியே வெந்து, நடுவில் மசாலா எதிலும் ஒட்டாமல் கிடக்கும்.

அழுத்தம் இல்லாததால் வரும் இன்னொரு தொல்லையை நான் நேரில் பட்டேன். சனிக்கிழமை முதல் முறை வைத்தபோது, இரண்டாவது நிமிடத்திலேயே உள்ளே ஏதோ படபடவென்று அடிக்கும் ஓசை கேட்டது. கூடையை இழுத்துப் பார்த்தால், மேல் ரொட்டித் துண்டைக் காணோம். விசிறியின் காற்று அதைத் தூக்கிச் சுருளுக்குக் கீழேயுள்ள கம்பி வலையில் ஒட்ட வைத்திருந்தது. ஒரு மூலை கரிந்துவிட்டது, அதில் ஒட்டியிருந்த சீஸ் வலையில் உருகிப் புகைந்தது. இணைப்பைப் பிடுங்கி, முக்கால் மணி நேரம் ஆறவிட்டு, கருவியைக் கவிழ்த்து ஈரத்துணியால் துடைத்து எடுக்க வேண்டியதாயிற்று. இதற்கு வழி உண்டு: சீஸை மேல் துண்டுக்கு நேர் கீழே வைத்தால் அது உருகி இழுத்துப் பிடிக்கும், அதற்கு முந்தைய இரண்டு மூன்று நிமிடங்களுக்கு இரண்டு டூத்பிக்குகளை மூலைக்கு மூலை குத்தி வைக்க வேண்டும், கூடைக்குரிய சிறிய கம்பித் தாங்கி இருந்தால் அதைக் கவிழ்த்து மேலே வைக்கலாம். கூடையின் அடியில் பட்டர் பேப்பர் போடுபவர்கள், உணவு அதன்மேல் கனமாக அமர்ந்திருக்கும்போது மட்டுமே போட வேண்டும். வெறும் தாளைப் போட்டுக் கருவியைச் சூடேற்றினால் அது பறந்து சுருளில் பட்டுத் தீப்பிடிக்கும்.

இவ்வளவையும் கவனித்துச் செய்தால் ஏர் ஃப்ரையர் சாண்ட்விச் நன்றாக வருமா என்றால், வரும், உள்ளே வைப்பது உலர்ந்ததாக இருந்தால். 180 டிகிரியில் மூன்று நிமிடம் வெறுங்கூடையைச் சூடேற்றி, வெளிப்புறம் இரண்டிலும் வெண்ணெய் தடவிய சாண்ட்விச்சை வைத்து, நான்கு நிமிடம் கழித்துத் திருப்பி, மேலும் மூன்று நிமிடம் விட்டால் என் கருவியில் சரியான நிறம் கிடைக்கிறது. வெண்ணெய் தடவாமல் வைத்த துண்டு வெளுத்துப் போய் வறண்டுதான் வந்தது. துருவிய பனீர், வேகவைத்து உதிர்த்த சோளம், சீஸ், மிளகுத்தூள், முந்தின நாள் மீந்த பட்டாணிப் பொரியல் போன்றவை இதற்குப் பொருந்தும். தக்காளி வட்டம், வெள்ளரி, தண்ணீர் சேர்த்து அரைத்த சட்னி இவை பொருந்தா. அவற்றின் ஈரம் வெளியேற ஏழு நிமிடம் இருப்பதால், வெளியே மொறுமொறுப்பும் உள்ளே சொதசொதப்பும் சேர்ந்து, இரண்டுங்கெட்டானாகிவிடுகிறது.

ஒரே ஒரு வகையில் ஏர் ஃப்ரையருக்கு மற்ற எதுவும் ஈடில்லை. அது மூடாத டோஸ்ட். ஒற்றைத் துண்டில் வெண்ணெய் தடவி, பொடியாக நறுக்கிய பச்சை மிளகாய், குடைமிளகாய், துருவிய சீஸ் தூவிச் செய்யும் சில்லி சீஸ் டோஸ்டைத் தட்டுகள் நெருக்கும் கருவியில் செய்யவே முடியாது, சீஸ் முழுவதும் மேல் தட்டில் ஒட்டிக்கொள்ளும். தோசைக்கல்லில் மூடி போட்டுச் செய்யலாம், சீஸ் உருகும், ஆனால் அதன் மேல் அந்தப் பொன்னிறப் புள்ளிகள் வரா. ஏர் ஃப்ரையரில் மேலிருந்து வரும் சூடு ஐந்து நிமிடத்தில் சீஸைக் கொப்பளிக்க வைத்து, ஓரங்களைச் சிவக்க வைத்துவிடுகிறது. பூண்டு வெண்ணெய் தடவிய பன்னும் அப்படியே. மாலை நான்கரை மணிக்குப் பசியோடு வரும் பிள்ளைகளுக்கு இதைவிடச் சுலபமானது வேறில்லை, அதற்காகவே அந்தக் கருவியை நான் மேடையிலிருந்து கீழே இறக்குவதில்லை.

இனி மசாலா சாண்ட்விச். பிள்ளைகள் டோஸ்ட் சாண்ட்விச் என்று கேட்கும்போது பெரும்பாலும் அவர்கள் மனத்தில் இருப்பது மும்பைத் தெருவோரத்தில் பிறந்து நம் ஊர்க் கடைகளுக்கும் வந்து சேர்ந்த அந்த வகைதான்: ஒரு துண்டில் வெண்ணெயும் கொத்தமல்லிப் பச்சைச் சட்னியும், அதன்மேல் உருளைக்கிழங்கு மசாலா, வெங்காயம், தக்காளி, குடைமிளகாய், சிலர் கைவண்ணத்தில் பீட்ரூட்டும். மும்பையில் இதை வாட்டப் பயன்படுவது நீண்ட கைப்பிடிகள் கொண்ட, கீல் வைத்த இரண்டு அலுமினிய வார்ப்புத் தட்டுகள். சாண்ட்விச்சை நடுவில் வைத்துக் கைப்பிடிகளை இறுக்கிக் கரி அடுப்பின் மேலோ கேஸ் தீயிலோ திருப்பித் திருப்பிக் காட்டுவார்கள். அந்தக் கருவியின் வீட்டு வடிவம்தான் அம்மாவின் கைப்பிடி டோஸ்டர். சிறிய பர்னரில், மிதமான தீயில், பக்கத்திற்கு ஒன்றரை நிமிடம் போதும். ஓரங்கள் முழுதாக அடைபட்டு, மசாலா உள்ளுக்குள் ஆவியில் கொதித்து, வெளியே வரிவரியாகச் சிவந்து வரும். சுவைக்கு மட்டும் மதிப்பெண் போடுவதானால் நான்கில் முதலிடம் இதற்கே. விலையும் சில நூறு ரூபாய்தான். ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றே ஒன்றுதான் செய்யலாம், கையில் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும், சூட்டைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடு எதுவும் கிடையாது. அரை நிமிடம் அந்தப்புறம் திரும்பினால் ஒரு பக்கம் கரி.

மின்சாரச் சாண்ட்விச் மேக்கர் அதே வேலையை மேலும் கீழும் சுருள் வைத்துச் செய்கிறது. ஆஸ்திரேலியாவில் பிரெவில் நிறுவனம் 1974-இல் கொண்டுவந்த, ஓரங்களை அடைத்து முக்கோணமாகப் பிரிக்கும் கருவி இவ்வகையைப் பல நாட்டு வீடுகளுக்குள் கொண்டு சென்றது. இன்று நம் கடைகளில் முக்கோண அச்சு உள்ளதும், வரிவரியான கிரில் தட்டு உள்ளதும் கிடைக்கின்றன. வாங்குவதென்று முடிவானால் எதை வாங்குவது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. முக்கோண அச்சு ஓரங்களை நன்றாக அடைக்கும், ஆனால் அதன் குழிக்குள் அடங்கும் மசாலா இரண்டு தேக்கரண்டிதான். அதற்கு மேல் வைத்தால் ரொட்டி கிழிந்து பிதுங்கும், பெரிய அளவுப் பிரெட்டின் ஓரங்களும் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். கிரில் தட்டில் அந்தத் தொல்லை இல்லை, மேல் தட்டின் கீல் சற்று உயர்ந்து கொடுக்கும் மாதிரியாக இருந்தால் தடிமனான சாண்ட்விச்சையும் சமமாக அழுத்தும். சட்னியும் தக்காளியும் வைத்தவற்றை இதில் செய்யும்போது பக்கவாட்டு இடைவெளிகளில் ஆவி புஸ்ஸென்று வெளியேறுவதைப் பார்க்கலாம். ஏர் ஃப்ரையரில் ரொட்டிக்குள் ஊறும் அதே ஈரம் இங்கே வெளியே போய்விடுகிறது. விளக்கு மாறும்வரை மூன்று நான்கு நிமிடம் சூடேற்றி, பிறகு நான்கு நிமிடம். நான் கடிகாரம் வைத்துப் பார்த்ததில் இரண்டு சாண்ட்விச்சுக்கு எட்டு நிமிடம் ஆனது, அடுத்த இரண்டுக்கு நான்கே நிமிடம்.

உள்ளே எவ்வளவு சூடாகிறது என்பதையும் பார்த்தேன். குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த மசாலாவை அப்படியே வைத்தால், ஏர் ஃப்ரையர் சாண்ட்விச்சின் நடுப்பகுதி வெதுவெதுப்பைத் தாண்டவில்லை. சாண்ட்விச் மேக்கரில் நாக்கு சுடும் அளவுக்குக் கொதித்தது, சிறு பிள்ளைகளுக்குக் கொடுக்கும்முன் குறுக்கே வெட்டி ஆறவிடுவது அவசியம். மீந்த கோழிக்கறி, முட்டை மசாலா போன்றவற்றை உள்ளே வைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். குளிர்பதனப் பெட்டியில் வைத்த சமைத்த உணவை மீண்டும் சூடாக்கும்போது அதன் நடுப்பகுதி 74 டிகிரியாவது தொட வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பில் பொதுவாகச் சொல்லப்படும் அளவு. ஏர் ஃப்ரையரில் செய்வதானால் அந்தக் கறியை முதலில் வாணலியில் கொதிக்கக் கொதிக்கச் சூடாக்கிவிட்டுப் பிறகு ரொட்டிக்குள் வைப்பதே சரி. பச்சைக் கோழியை எந்தச் சாண்ட்விச்சுக்குள்ளும் வைக்கக் கூடாது.

தோசைக்கல்லைப் பற்றிச் சொல்லாமல் போனால் நியாயமாகாது. கல் மிதமாகக் காய்ந்ததும் சாண்ட்விச்சை வைத்து, மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து, அதன்மேல் தண்ணீர் நிரம்பிய சிறு பாத்திரத்தையோ இட்லிச் சட்டியின் மூடியையோ பாரமாக வைத்து, பக்கத்திற்கு மூன்று நிமிடம் விட்டால், சாண்ட்விச் மேக்கரில் வருவதில் முக்கால் பங்கு இதிலேயே வந்துவிடுகிறது. ஓரம் மட்டும் அடைபடாது. வெண்ணெயிலுள்ள பால் திடப்பொருள் சீக்கிரம் கரியும் என்பதால் கல்லில் போடும்போது நெய்யே நல்லது, அல்லது வெண்ணெயோடு சில சொட்டு எண்ணெய். நான்ஸ்டிக் கல்லாக இருந்தால் வெறுங்கல்லைப் பெரிய தீயில் காயவிட்டு அந்தப்பக்கம் போய்விடக் கூடாது, 260 டிகிரிக்கு மேல் அந்தப் பூச்சு சிதையத் தொடங்கும். மின்கருவிகளில் சூட்டை நிறுத்த ஓர் ஏற்பாடு உண்டு, கேஸ் அடுப்பில் நம் கண்தான் அந்த ஏற்பாடு. மாதத்தில் இரண்டு முறை மட்டும் சாண்ட்விச் செய்யும் வீட்டுக்கு எந்தக் கருவியும் வாங்க வேண்டாம், கல் போதும் என்று தயங்காமல் சொல்வேன்.

ஓடிஜி என்னும் பெட்டி வடிவ மின்சார அடுப்பை இந்த ஒப்பீட்டில் நான் சேர்க்கவில்லை. எட்டுப் பத்துப் பேருக்குச் சேர்த்துச் சீஸ் டோஸ்ட் செய்வதானால் அதற்கு ஒரு பொருள் உண்டு, இரண்டு சாண்ட்விச்சுக்காகப் பத்து நிமிடம் சூடேற்றுவதில் இல்லை. மைக்ரோவேவ் ரொட்டியை வாட்டாது, நமுத்துப் போகச் செய்யும்.

ஏர் ஃப்ரையரில் செய்தால் உடம்புக்கு நல்லது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. தங்கையும் அதைத்தான் முதலில் சொன்னாள். எண்ணெயில் மூழ்கப் பொரிக்கும் வடைக்கும் வறுவலுக்கும் பதிலாக ஏர் ஃப்ரையரைப் பயன்படுத்தினால் எண்ணெய் பெருமளவு குறையும், அதில் ஐயமில்லை. சாண்ட்விச்சை யாரும் எண்ணெயில் பொரிப்பதில்லையே! தோசைக்கல்லானாலும் மேக்கரானாலும் அதற்குத் தேவைப்படுவது ஒன்றிரண்டு தேக்கரண்டி வெண்ணெய், ஏர் ஃப்ரையரிலும் நல்ல நிறம் வேண்டுமென்றால் அதே அளவு தடவியாக வேண்டும். ஒரு தேக்கரண்டி வெண்ணெய் ஐந்து கிராம் அளவு, அதில் சுமார் 36 கலோரி. அதைக் குறைத்து என்ன மிச்சம் பிடிக்கப் போகிறோம், உள்ளே இரண்டு சீஸ் துண்டுகள் இருக்கும்போது? உண்மையிலேயே கவனிக்க வேண்டியது நிறம். மாவுப்பொருள் உள்ள உணவுகள் 120 டிகிரிக்கு மேல் சூடாகும்போது உடம்புக்குத் தீங்கானதாகக் கருதப்படும் அக்ரிலமைடு என்னும் பொருள் உருவாகிறது என்பதை 2002-இல் சுவீடன் ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினார்கள், ரொட்டி கறுக்கக் கறுக்க அதன் அளவும் ஏறுகிறது. எந்தக் கருவியில் வாட்டினாலும் பொன்னிறத்தில் நிறுத்திவிட வேண்டும், கரிந்த ஓரத்தைச் சீவி எறிந்துவிட வேண்டும்.

மின்சாரக் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். 1,400 வாட் ஏர் ஃப்ரையரில் இரண்டு தவணையாக நான்கு சாண்ட்விச் செய்ய 17 நிமிடம் ஆகிறது என்றால், அது முழு வேகத்தில் இயங்கினாலும் 0.4 யூனிட்டைத் தாண்டாது. 750 வாட் சாண்ட்விச் மேக்கரில் அதே நான்குக்கு 12 நிமிடம், 0.15 யூனிட். வாரம் மூன்று நாள் வீதம் இரண்டு மாதத்திற்குக் கணக்கிட்டால் வேறுபாடு ஆறேழு யூனிட்தான். இதை வைத்து முடிவெடுக்க வேண்டியதில்லை.

ஆனால் மின்சாரத்தில் வேறொரு சிக்கல் இருக்கிறது, வாடகை வீட்டுக்காரர்களுக்கு அது நன்றாகத் தெரியும். சுவரிலுள்ள சிறிய 6 ஆம்பியர் சாக்கெட் 230 வோல்ட்டில் தாங்குவது 1,380 வாட். பெரும்பாலான ஏர் ஃப்ரையர்கள் அந்த எல்லையைத் தொடுபவை அல்லது தாண்டுபவை என்பதால் பெரிய 16 ஆம்பியர் சாக்கெட்டே வேண்டும். பழைய வீடுகளின் சமையலறையில் அது ஒன்றுதான் இருக்கும், அதில் குளிர்பதனப் பெட்டி குடியிருக்கும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டு ஏர் ஃப்ரையரை ஓட்டுவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன், பிளக் உருகிய வீடுகளைப் பார்த்திருக்கிறேன். சாண்ட்விச் மேக்கர் சிறிய சாக்கெட்டிலேயே ஓடும். சாப்பாட்டு மேசையில் வைத்துக்கூடச் செய்யலாம்.

சாக்கெட்டை விட்டால் அடுத்தது அடுப்பு. காலை ஆறரை மணிக்கு நம் வீடுகளில் ஒரு பர்னரில் இட்லி வெந்துகொண்டிருக்கும், மற்றொன்றில் சாம்பாரோ காபிக்குப் பாலோ இருக்கும். சாண்ட்விச்சுக்காகத் தோசைக்கல்லைப் போடுவதென்றால் இரண்டில் ஒன்றை இறக்கியாக வேண்டும். சுவையில் முதலிடம் வாங்கிய கைப்பிடி டோஸ்டர் என் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மாலையில் மட்டுமே வெளியே வருவதற்கும் இதுதான் காரணம். பள்ளி நாளின் காலையில், அடுப்பை நம்பாமல் ஓரமாக நின்று தன் வேலையைத் தானே பார்க்கும் கருவிக்கே மதிப்பு.

துடைப்பதில் ஏர் ஃப்ரையருக்கு ஒரு மேன்மை உண்டு. கூடையை எடுத்துத் தேய்த்துக் கழுவிவிடலாம். மலிவு விலைச் சாண்ட்விச் மேக்கர்களில் தட்டுகள் கழலா. இணைப்பைப் பிடுங்கி, இளஞ்சூடு இருக்கும்போதே ஈரத்துணியால் துடைக்க வேண்டும், கீலுக்குள் வழிந்த சீஸைப் பழைய பல் துலக்கியால்தான் எடுக்க முடியும். தட்டுகள் கழலும் மாதிரிகளுக்குச் சில நூறு ரூபாய் கூடுதலாகும், கொடுப்பது தகும்.

டப்பாவில் வைப்பதைப் பொறுத்தவரை, என் எதிர்பார்ப்புக்கு மாறாக ஏர் ஃப்ரையர் சாண்ட்விச்சே மதியம்வரை கூடுதலாக மொறுமொறுப்பைக் காத்தது, உள்ளே பனீர் வைத்திருந்தபோது. மசாலா வைத்தது பத்து மணிக்கே தளர்ந்து பிரிந்துவிட்டது. மேக்கரில் செய்த மசாலா சாண்ட்விச் மொறுமொறுப்பை இழந்தாலும் பிரியவில்லை, டப்பாவில் சட்னி கசியவில்லை. எதில் செய்தாலும் வெந்ததும் தட்டில் வைக்காமல் கம்பித் தாங்கியில் ஐந்து நிமிடம் நிற்க வைத்து ஆறவிட்ட பிறகே மூட வேண்டும். சூட்டோடு மூடினால் தன் ஆவியில் தானே நனைந்துவிடும். பிரெட் அன்றன்று வாங்கியதைவிட முந்தின நாள் வாங்கியது நன்றாக வாட்டப்படும். அதைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் விரைவில் விறைத்துப் போகும், வாட்டும்போது அந்த விறைப்பு பெருமளவு நீங்கிவிடும் என்பதால் பயந்து எறிய வேண்டாம்.

இவ்வளவுக்குப் பிறகு தங்கைக்கு என்ன சொல்வது என்பது கடினமாக இருக்கவில்லை. அவள் பிள்ளைகள் சீஸும் சோளமும் மட்டும் கேட்பவர்களாக இருந்திருந்தால், கையில் இருக்கும் ஏர் ஃப்ரையரே போதும், டூத்பிக் ஒரு பெட்டி வாங்கிக்கொள் என்றிருப்பேன். கணவன் மனைவி இருவர் மட்டும் உள்ள, எப்போதாவது செய்யும் வீடாக இருந்தால் தோசைக்கல்லைக் காட்டியிருப்பேன். சாண்ட்விச் மட்டும்தான் நோக்கம் என்று புதிதாக ஏர் ஃப்ரையர் வாங்கக் கேட்பவர்களைத் தடுத்தே நிறுத்துவேன். அவள் நிலை வேறு: வாரம் மூன்று நாள், உருளைக்கிழங்கு மசாலாவும் பச்சைச் சட்னியும், இரண்டு டப்பா, ஏழே முக்காலுக்குப் பள்ளி வேன், சமையலறையில் ஒரே பெரிய சாக்கெட், இரண்டு பர்னரும் வேலையில். கழலும் கிரில் தட்டு உள்ள சாண்ட்விச் மேக்கர் ஒன்றை வாங்கிக்கொள், ஏர் ஃப்ரையரை மாலைக்கு வைத்துக்கொள் என்றேன். வாங்கினாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கே அழைப்பு. “அக்கா, எப்ப எடுக்கணும்னே தெரியல, பச்சை விளக்கு அணைஞ்சு அணைஞ்சு எரியுது” என்றாள். அந்த விளக்கு தட்டின் சூட்டைச் சொல்வது, சாண்ட்விச் வெந்ததைச் சொல்வதல்ல என்று விளக்கினேன். பக்கவாட்டில் வரும் ஆவியைப் பார்க்கச் சொன்னேன். முதலில் வேகமாகச் சீறும், பிறகு மெலிந்து இழையாகும். அது இழையானதும் முப்பது எண்ணி மூடியைத் திறக்க வேண்டும். அவள் தொலைபேசியை மேசையில் வைத்துவிட்டு எண்ணத் தொடங்கியது எனக்குக் கேட்டது, இருபத்திரண்டில் சின்னவன் குரலும் சேர்ந்துகொண்டது.